கூப்பிய கை

தேவிப்ரியாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஐந்தாம் மாதம். கொசுவால் பரவும் வைரஸ் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

"வயித்துல இருக்கிற குழந்தைக்கும் போகலாம்மா. தலை சரியா வளருதான்னு மாசாமாசம் ஸ்கேன்ல பார்த்துக்கலாம்," என்றார் டாக்டர்.

அன்று மதியம் கொசுவலைக்குள் அரைத் தூக்கத்தில் கிடந்தாள். எங்கிருந்தோ ஒரு கொசு காதோரம் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று வயிற்றுக்குள் 'பட்'டென்று ஓர் அசைவு. குழந்தையின் முதல் அசைவு. ரீங்காரம் நின்றுவிட்டது.

அடுத்த ஸ்கேனில் குழந்தை இரண்டு கைகளையும் சேர்த்து வைத்திருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியேதான். மாமியார் உண்ணாமலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மலையைப் பார்த்துக் கும்பிடுதுடி. இனிமே உனக்கு இன்னா பயம்?"

பௌர்ணமிதோறும் வாசலைக் கடந்து கிரிவலம் போனவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தலையும் சரியான அளவில் இருந்தது. கூப்பிய கைகள் மட்டும் பிரியவில்லை.

"கையை விடு கண்ணு," என்று கொஞ்சியபடி நர்ஸ் மெல்லப் பிரித்தாள்.

பிஞ்சு உள்ளங்கையில் ஒரு கொசு நசுங்கிக் கிடந்தது. அதன் ரத்தம் இன்னும் காயவில்லை.