மூடிய டப்பாக்கள்

ஒன்பதாம் வகுப்பில் வான்மதியோடு யாரும் பேசுவதில்லை என்பது ஜெசிந்தா டீச்சருக்குத் தெரியவரவே பாதி வருடம் போய்விட்டது. அடி இல்லை, வசவு இல்லை. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். மதியம் கைகழுவும் குழாயடியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை டீச்சர் கையைப் பிடித்து அழைத்துவந்து, வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் விட்டார்.

“இனிமே இவளும் உங்ககூடத்தான் சாப்பிடுவா.”

“வா வான்மதி, உக்காரு,” என்று ஹர்ஷிதா சிரித்தபடி நகர்ந்து இடம்விட்டாள். டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது.

வான்மதி டப்பாவைத் திறந்தாள். ஹர்ஷிதா தன் டப்பாவை மூடினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் மூடினாள். பாதிச் சோற்றோடு எல்லா டப்பாக்களும் மூடிக்கொண்டன.

“நாங்க சாப்பிட்டாச்சு மிஸ்,” என்றாள் ஹர்ஷிதா, பணிவாகத்தான்.

இதில் எதைச் சொல்லிக் கண்டிப்பது? டீச்சர் புடவையை ஒதுக்கிக்கொண்டு வான்மதியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“எனக்குக் கொஞ்சம் குடும்மா.”

வான்மதி டப்பாவை அப்படியே அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தலை நிமிராமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“போயிடுங்க மிஸ். நேத்து வரைக்கும் என்னைப் பாக்காமத்தான் இருந்தாங்க. இப்ப எல்லாரும் பாக்கறாங்க.”