அறுபது மணித்தியாலச் சத்தம்

முற்றம் முழுக்க ஒலிபெருக்கிகள். பதினெட்டு. நிவேதனா படலையடியில் நின்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

சவுண்ட் சேர்விஸ் சுதாகரன் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் களை.

"என்ன அண்ணை, பெரிய ஆயத்தமாக் கிடக்கு?"

"ஓம் பிள்ளை, வாங்கோ. இந்த மாசம் என்ரை மாசமெல்லே!"

அவள் பதினெட்டையும் மூன்றாம் தடவை எண்ணினாள்.

நிவேதனா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொருளியல் விரிவுரையாளர். ஆலைகள் கக்கும் புகைக்கு ஓர் உச்ச அளவு வைத்து, அந்த அனுமதியை ஆலைகள் தமக்குள் விற்று வாங்க விடும் முறையை ஏழு வருடம் படித்தவள். வல்வெட்டித்துறையில் புகை கக்க ஆலை இல்லை. விடிய நாலு மணிக்கே காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி இருந்தது. அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள்.

நாலு கோயில், இரண்டு விளையாட்டுக் கழகம். ஒவ்வொன்றுக்கும் மாதம் பத்து அட்டை, ஊர்ப் பேச்சில் 'காட்'. ஓர் அட்டைக்கு ஒரு மணித்தியாலம் ஒலிபெருக்கி போடலாம். மிஞ்சியதை விற்கலாம், ஊரில் யாரும் வாங்கலாம். ஆறு இடத்து நிர்வாகிகளும் சம்மதித்துக் கையொப்பம் வைத்தார்கள்.

ஐந்து மாதமாக அட்டைகள் கைமாறின. வாங்கியவர்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் சத்தம் போடவே வாங்கினார்கள். படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்கள் சத்தத்துக்கு எதிராக மனு எழுதினார்கள். ஓர் அட்டைகூட வாங்கவில்லை. 'அமைதிக்கு விலை கொடுக்க ஒருவராவது இருந்தாரா?' என்று கேட்டு ஆய்விதழ் அவளுடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கட்டுரை வெளிவராவிட்டால் முதுநிலை விரிவுரையாளர் பதவி இல்லை.

ஆறாவது மாதம் இப்படி ஆகிவிட்டது. அறுபது அட்டையும் ஒரே ஆளின் கையில். அதுவும் சத்தத்தை வாடகைக்கு விட்டே பிழைக்கிற ஆள்.

காலையில்தான் அவளுடைய துறைப் பேராசிரியர் பராசக்தி தொலைபேசியில் சொன்னார். "எல்லாக் காட்டும் ஒருத்தன்ரை கையில எண்டா அது சந்தையில்லைப் பிள்ளை. திங்கக்கிழமை பதினொராம் வகுப்பு ஓ.எல். சோதினையும் துவங்குது. உவன் முழுக்கப் போட்டு அலறவிட்டா, தாய்தேப்பன்மார் உன்னைத்தான் தேடி வருவினம். உன்ரை வீட்டில பின்கதவு இருக்கோ?"

நிவேதனா விறாந்தையில் ஏறி அமர்ந்தாள். மேசையில் கணித வினாத்தாள்கள் குவிந்து கிடந்தன. சுதாகரனின் மகள் தக்சாயினி தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு, ஒரு தாளில் சிவப்புப் பேனையால் எதையோ சுழித்துவிட்டு உள்ளே போனாள்.

"ஆறு இடத்திலையும் எப்பிடி அண்ணை எடுத்தனீங்கள்?"

"திருவிழாவுக்கு லைற் முழுக்கச் சும்மா கட்டித் தாறன் எண்டன். கழகக்காரருக்கு இரவு மட்சுக்கு லைற். தலைவர் ரெண்டு கையாலையும் தூக்கித் தந்தவர்." சுதாகரன் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். பாவிக்காத காட்டைத் திருப்பி வாங்கி வேறை ஆருக்கும் குடுப்பியளோ?"

"இல்லை அண்ணை. மாசம் முடிய அது செல்லாது."

"அப்பாடா!" அவர் கடைசி ஒலிபெருக்கியை எடுத்தார். "அப்ப எல்லாத்தையும் சாக்கில கட்டிப் பரணில ஏத்துவம். இந்த மாசம் ஊருக்குள்ளை ஒரு சத்தமும் இராது."

நிவேதனா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். கடற்கரைப் பக்கம் ஒரு படகு இயந்திரம் உறுமி ஓய்ந்தது. அதன் பிறகு வந்த அமைதியை அவள் முழுசாகக் கேட்டாள்.

"போடாமல் வைச்சிருக்கவோ வாங்கினனீங்கள்?"

"வேறென்ன? கணக்கு ஒண்டுதான் இடிக்குது பிள்ளை. இந்தச் சத்தத்துக்குள்ளை ஒரு கணக்காவது மண்டையில ஏறுமே?"

"அப்ப உங்கடை வருமானம்?"

"ஒரு மாசந்தானே. ஸ்பீக்கருக்கும் லீவு வேணுமெல்லே!"

நிவேதனா வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்து மாதம் அவள் ஊரெல்லாம் தேடிய ஆள், ஊரிலேயே அதிகம் சத்தம் போடுகிற ஆள்! கட்டுரை மட்டுமல்ல, பதவியே கண்முன் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது. இப்படி ஒரு தகப்பனை வெளிநாட்டு ஆய்விதழ்க்காரர் எங்கே கண்டிருப்பார்கள்?

பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். 'வாங்கிய காரணம்' என்ற இடத்தில் இதுவரை திருவிழாவும் விளையாட்டுப் போட்டியும்தான் நிரம்பியிருந்தன. இன்று அழகான எழுத்தில், அவசரப்படாமல் எழுதினாள்: 'அமைதி வேண்டி. மகளின் பரீட்சைக்காக.'

வெற்றுக் கோப்பையை எடுக்க வந்த தக்சாயினி அதை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுதாகரன் திடீரென்று குனிந்து, துடைத்து முடித்த ஒலிபெருக்கியையே மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

"உந்த வரியை வெட்டுங்கோ மிஸ். சோதினை அப்பாவுக்கு."