தூக்காத கை

சேலத்து நூல் மில்லில் வேலை முடிந்து போகிறவர்கள் வாசலில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். காவல்காரன் சென்னிமலை அக்குளையும் மடியையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவான்.

பஞ்சுப்பொதி சுமக்கும் காளியண்ணன் இன்றைக்கும் இடது கையை மட்டும்தான் தூக்கினான். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. நேற்றும் இப்படித்தான் கூட்டத்தோடு நழுவிவிட்டான். சென்னிமலைக்குப் பொறி தட்டியது. போன மாசம் சுப்பையன் அக்குளில்தான் நூல்கண்டு கிடைத்தது. மில் முதலாளி துரை அவனை நாலு அறை விட்டு, கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, நல்ல சுமைக்காரன் என்று திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

"அந்தக் கையையும் தூக்குய்யா."

"ஒண்ணுமில்லீங்க. ஊட்டுக்குப் போவோணும், உடுங்க."

"ஒண்ணுமில்லைன்னா தூக்கறதுக்கென்ன?"

சென்னிமலை அந்தக் கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தான். காளியண்ணன் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்குளில் ஒன்றுமே இல்லை.

"பொதி தூக்கித் தூக்கித் தோள் போயிருச்சுங்க. கை மேல எந்திரிக்கறதே இல்லீங்க."

"அட, இதை முன்னயே சொல்றதுக்கென்னய்யா?"

அலறல் கேட்டுத் துரை படியிறங்கி வந்துகொண்டிருந்தார். காளியண்ணன் இடது கையால் சென்னிமலையின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"நூல் திருடுனேன்னு சொல்லிப்போடுங்க சாமி. திருடுனவனைன்னா திரும்பச் சேர்த்துக்குவாங்க."