நீதிபதியின் சவரக் கத்தி

“இன்னிக்கும் ஆள் மாறிப் போச்சுன்னா அலமாரி எனக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது” என்றாள் மனைவி, அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்.

“மாற மாட்டேன்” என்றார் போஸ்ட் மாஸ்டர், வழவழவென்றிருந்த கன்னத்தைத் தடவியபடி.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குப் பழைய சவரக் கத்திப் பைத்தியம். வாங்கி வைப்பதோடு விட மாட்டார். அதை ஒரு காலத்தில் வைத்திருந்தவர் யார் என்று துருவித் துருவித் தேடுவார். தபால்காரராகத் தொடங்கிய முப்பது வருஷ வேலையில் ஒரு கடிதத்தைக்கூட மாடி மாற்றிக் கொடுக்காதவர் என்ற பெருமை வேறு! ஆனால் இருபத்திரண்டு கத்திகள் அலமாரியை அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். ஒன்றுக்கும் இதுவரை சொந்தக்காரர் அகப்படவில்லை. மனைவியின் துணிமணிகள் நாற்காலி மேல் குடியிருந்தன. இன்று தோற்றால் அத்தனை கத்தியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

இன்று கொண்டுவந்த கத்தியின் பிடியில் மூன்று எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. சாணை பிடிக்கும் கடையின் பழைய நோட்டில் அதே மூன்று எழுத்துகள், பக்கத்தில் ‘நீதிபதி’ என்று. அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் நீதிபதியின் பேத்தி வீடு வரை வந்திருந்தார். கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில், காலையில் அதே கத்தியால் சவரமும் செய்துகொண்டுவிட்டார்.

கதவைத் திறந்த பேத்திக்கு ஐம்பது வயதிருக்கும். கத்தியைக் கையில் வாங்கியதுமே கத்திவிட்டாள்.

“அட, இது தாத்தாவோடதுங்க! பிடி ஓரத்துல உடைஞ்சிருக்கு பாருங்க, சின்ன வயசுல நான்தான் கீழே போட்டேன். ஒரு வாரம் என்கூடப் பேசலை அவர்!”

போஸ்ட் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியின் முகம் தொங்கிப்போனது.

“அவரே பண்ணிக்குவாராம்மா?” என்று ஆவலாகக் கேட்டார் போஸ்ட் மாஸ்டர்.

“வேற யாரையும் தொட விட மாட்டாரே! ஞாயித்துக்கிழமை ஆனா வெந்நீர் வெச்சுக் குடுக்கணும். நல்லா ஊறினப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல உக்காருவார். அரை மணி நேரம் வீட்ல யாரும் மூச்சு விடக் கூடாது. கொஞ்சம் ஆழமாப் போனா ரத்தம் வந்துடும்ல?”

“வாரத்துக்கு ஒரு தடவைதானா?” என்று இழுத்தாள் மனைவி.

“அதுவே போதும். மறுநாள் கோர்ட்டுக்கு நடப்பார் பாருங்க, அப்படி ஒரு மிடுக்கு!”

“கேட்டுக்கிட்டியா?” என்றார் போஸ்ட் மாஸ்டர் மனைவியிடம். “காலையில கன்னத்துல பட்டப்பவே எனக்குத் தெரியும். அந்த நீதிபதியே தட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சு.”

“கன்னத்துலயா?” என்று பேத்தி ஏதோ கேட்க வந்தாள். அவர் எங்கே விட்டார்? தயாராகக் கொண்டுவந்த காகிதத்தை நீட்டி, கத்தி தாத்தாவுடையதுதான் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்.

“அவர் போட்டோ ஒண்ணு இருந்தாக் குடுங்கம்மா. கத்திக்குப் பக்கத்துல வெக்கணும்.”

பேத்தி உள்ளே போனாள். அவர் மனைவி பக்கம் குனிந்தார். “அலமாரி?”

“நீங்களே வெச்சுக்குங்க” என்றாள் அவள் வேண்டாவெறுப்பாக.

போட்டோ வந்தது. நாற்காலியில் கம்பீரமாக நீதிபதி. நெஞ்சு முழுவதையும் மறைத்துக்கொண்டு தாடி.

“இருபது வயசுல விட்டதாம். கடைசி வரைக்கும் அதுல கத்தியே பட்டதில்லை” என்றாள் பேத்தி.

“அப்போ... இந்தக் கத்தி?”

“கால் ஆணி சீவறதுக்குங்க. ரெண்டு பாதத்துலயும் அவருக்கு ஆணி.”

போஸ்ட் மாஸ்டரின் கை கன்னத்திலிருந்து தானாக இறங்கியது.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வீடு சரிதாங்க. கீழ் வீட்டுக்கு வந்ததைத்தான் மாடியில குடுத்துட்டீங்க!”