ஏழாவது விதி

"கூட்டத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டாளுக. நாளைக்கு வேலையை விட்டு நிப்பாட்டுனா மட்டும் நம்ம வாசல்ல வந்து நிப்பாளுக" என்றார் ஐயம்பெருமாள்.

கங்கைகொண்டான் குழாய்க் கம்பெனியின் கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரமாக, நோட்டீஸ் கட்டோடு நின்றிருந்தார். இருபத்தாறு வருஷமாக அங்கே தொழிலாளர் சங்கச் செயலாளர். பக்கத்தில் துணைச் செயலாளர் ஜெய்சன்.

நோட்டீஸில் கொட்டை எழுத்து: 'நவதாராளமயம் முடிகிறதா? இடதுசாரிகள் செய்ய வேண்டியது என்ன? ஞாயிறு மாலை, பாளையங்கோட்டை.'

முடிகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அமெரிக்காக்காரனே வரி போட்டு வாசலை அடைக்கான் லே. எல்லாத்தையும் சந்தை பாத்துக்கிடும்னு சொன்னவன்லாம் இப்பம் கவர்மெண்டு கையைப் பிடிக்கான். முப்பது வருஷம் இதுக்குத்தான காத்துக் கெடந்தோம்?"

"ஹால்ல முப்பது நாற்காலி போடச் சொன்னா போதுமா அண்ணாச்சி?" என்றான் ஜெய்சன்.

அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு காலத்தில் முன்னூறு பேர் இருந்த சங்கம். நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வு பெறப் பெற, அந்த இடங்களுக்கெல்லாம் கம்பெனி ஒப்பந்த ஆட்களை எடுத்தது. இப்போது சங்கத்தில் நாற்பது பேர். ஒப்பந்தத்தில் அறுநூறு பேர். அவர்கள் வந்து சேராவிட்டால் கம்பெனி இனிமேல் சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குக்கூடக் கூப்பிடாது.

ஐயம்பெருமாளே போன மாதம் ஓய்வு பெற்றவர்தான். கம்பெனி விடவில்லை. பழைய மிஷினின் கோளாறு அவருக்குத்தான் அத்துப்படி என்று, இரண்டு வருஷத்துக்கு மறுபடி கூப்பிட்டுக்கொண்டது. தெருவெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். புது அடையாள அட்டையை மட்டும் ஏனோ கழுத்தில் மாட்டாமல் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

ஷிப்ட் விட்டது. ஒப்பந்த ஆட்களுக்கான பச்சை நாடாவில் அட்டை தொங்க, பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். முன்னால் எப்சி. பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷ வேலை. அவள் சரியென்றால் மற்றவர்களும் சரியென்பார்கள்.

"எம்மா எப்சி, ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா. காலம் மாறுது. நவதாராளமயம் முடியுது."

எப்சி நோட்டீஸை நின்று முழுசாக வாசித்தாள்.

"அமெரிக்காவுக்குப் போற குழாய் நின்னுட்டுன்னு போன வாரம் எங்கள்ல எண்பது பேர வரவேண்டாம்னுட்டாங்க. முடியிறது இப்படித்தான் இருக்குமா அண்ணாச்சி? அடுத்து வாரதும் கான்ட்ராக்டர் மூலமாத்தான் வருமா?"

"அதுக்குத்தாம்மா ஒண்ணு சேரணும்ங்கேன்."

"சேரத்தான வந்தோம்." அவள் குரல் உயரவில்லை. "நான் வேலைக்கு வந்த வருஷம், பன்னிரண்டு பேரு உங்க சங்க ரூம் வாசல்ல நின்னோம். எங்ககூட பேக்கிங்ல இருந்த சாரம்மாள் அக்காவும் நின்னாக. மறந்துட்டியளா?"

மறக்கவில்லை. கதவை மறித்து நின்றவரே அவர்தான். போனஸ் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். இவர்களையும் சேர்த்துக்கொண்டால் கைக்கு வருவது கைநழுவிப் போகும் என்று பயம். அடுத்த வாரமே பொதுக்குழுவைக் கூட்டி, ஏழாவது விதியைத் தன் கையாலேயே எழுதினார்: 'நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே சங்கத்தில் இருக்கலாம்.' எல்லோரும் கைதட்டினார்கள்.

"மூணாம் மாசமே அக்காவ நிப்பாட்டுனாங்க. கேக்க நாதியில்ல" என்றாள் எப்சி.

"அப்பம் நெலமை அப்படிம்மா" என்றார். தொழிலாளியை இரண்டாகப் பிரித்தது கம்பெனிதான். ஆனால் அந்தக் கோட்டை அழியாமல் அழுத்தி வரைந்து கொடுத்தது தான்தான் என்று அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்குப் புரிந்து என்ன செய்ய?

"தப்புதான். விதியை மாத்திக்கிடலாம். மேடையிலயே சொல்லுதேன். வந்துருங்க."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கும் கூட்டம் இருக்கு அண்ணாச்சி. எங்க சங்கம் பதிவாயிட்டு."

ஜெய்சன் கொதித்தான். "பாத்தியளா? போட்டிச் சங்கம். ஒத்துமையக் கெடுக்கதுக்குன்னே பொறப்பட்டுருக்காங்க."

ஐயம்பெருமாளுக்கும் சுருக்கென்றது. "இருக்கத ஒடைக்கலாமா எப்சி? நீயே சொல்லு" என்றார்.

அவள் சோற்றுப் பைக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"இதக் குடுக்கத்தான் ரெண்டு நாளா உங்களத் தேடுதேன்."

கண்டனத் தீர்மானமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தார். அவர்களுடைய சங்கத்தின் உறுப்பினர் படிவம். பெயர் எழுதும் இடத்தில், மணிமணியான கையெழுத்தில் 'ஐயம்பெருமாள்' என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தது.

"எனக்கா? எனக்கு எதுக்கும்மா?"

எப்சி அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். பச்சை நாடாவின் நுனி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க ஏழாவது விதிப்படி இனிமே உங்க சங்கத்துல உங்களுக்கு இடமில்லைல்லா அண்ணாச்சி. எங்க சங்கத்துல அப்படி ஒரு விதி நாங்க எழுதல."