விடாப்பிடி

"ரெண்டும் பிடிவாதம் புடிச்ச ஜென்மங்க! ஒன்னு விட்டாத்தானே மத்தது அசையும்?" சுரேந்திரன் மேசையில் ஓங்கித் தட்டினான்.

தேத்தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு இலட்சுமி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இப்பயாச்சும் வெளங்குச்சே. நீங்களே விட்டுக் குடுங்களேன் தம்பி."

"ஐயோ, நான் கம்பியூட்டரச் சொன்னேன்க்கா!"

ரம்புக்கனையில் வீடு எடுத்து, கொழும்புக்கு ரயிலில் போய்வரும் கம்பியூட்டர்காரன் அவன். இரண்டு புரோகிராம்கள் ஒரே ஃபைலுக்கு மல்லுக்கட்டி, மெஷின் அப்படியே உறைந்துபோகிற கோளாறு ஒன்றை ஆபீஸ் இவன் தலையில் கட்டியிருந்தது. பௌர்ணமிப் போயா லீவும் போச்சு.

ஆனால் அவன் கண் ஓடிக்கொண்டிருந்தது மூலையில் இருந்த போன் பக்கம். மனைவி சுகந்தினி கோபித்துக்கொண்டு, கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. "இந்தப் பொட்டிக்கே தாலி கட்டியிருக்கலாமே நீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

நேற்று அவள் தோட்டத்துக் கடைப் போனிலிருந்து பேசியபோது இவனுக்கும் வாய்க்கொழுப்பு. "வாறதா இருந்தா நாளைக்கு லைட் போடுறதுக்குள்ள போன் பண்ணு. இல்லாட்டி நீ அங்க, நான் இங்க. அத்தோட முடிஞ்சிச்சு!"

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போன் கம்மென்று கிடந்தது.

"லைன் செத்துக்கித்துப் போச்சோ தம்பி?"

"அட போங்கக்கா! எப்பவும் அரை மணிக்கு ஒருக்கா அறுந்துபோற லைன், இன்னக்கித்தான் காலையிலருந்து ஒருக்காகூட அறாம நிக்கிது. அவளுக்கு மனசில்ல, அவ்வளவுதான்."

"அப்ப நீங்க நேர்ல போய்க் கூட்டிட்டு வாறது?"

"நான் எதுக்குப் போகணும்? அவதான் பேசணும்."

"ரெண்டும் பிடிவாதம் புடிச்ச ஜென்மங்க" என்று அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா போய்விட்டாள்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனான், போனைப் பார்த்தான், திரும்பவும் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். இன்டர்நெட்டில் ஒரு பெரிய ஃபைல் ஆமை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நகத்தைக் கடித்தபடியே நிரலை வரிவரியாகத் துழாவினான்.

திடீரென்று பிடிபட்டது. மெஷினை நடத்துகிற கர்னல் என்ற மூலப் புரோகிராம், ஃபைலின் பூட்டைத் தன் கையில் பிடித்துக்கொண்டே ஒரு சேதிக்காகக் காத்திருக்கிறது. சேதி சொல்லவேண்டிய புரோகிராமுக்கோ அதே பூட்டுத்தான் வேண்டும். பிறகு எந்தக் காலத்தில் சேதி வரும்?

"எழுதினவன் சரியான மடையன்!" வாய்விட்டுச் சிரித்தான். திருத்தி, சுடச்சுடக் கொழும்புக்கு அனுப்பியும் விட்டான்.

சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

அவ்வளவுதான், அவள் முடிவு பண்ணிவிட்டாள். அலுமாரியைத் திறந்து அவள் சேலைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஒரு பேக்கில் திணித்தான். கல்யாணச் சேலை கைக்கு வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் ஒரு திரீவீலர் வந்து நின்றது. இறங்கியவள் சுகந்தினி! வேர்த்து விறுவிறுத்து, கண்களெல்லாம் வீங்கி, தூக்க முடியாத பேக்கோடு உள்ளே வந்தாள்.

ஓடிப்போய் அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வாய்தான் அதற்குள் முந்திக்கொண்டது. "சொன்னபடி ஒரு போன் பண்ணினியா நீ?"

அவள், பேக்கில் அவன் திணித்துவைத்திருந்த சேலைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு போன் வயர் செருகி, மேசைமேல் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்த இன்டர்நெட் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"காலையிலருந்து லைன நீங்களே புடிச்சி வச்சிக்கிட்டிருந்தா, நான் எப்புடிங்க போன் பண்றது?"