பிரசங்கத்துக்கு அனுமதி

அரசாங்க அனுமதி வாங்கித்தான் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. போதகர் எழுதிக்கொண்டு போவதில் முக்கால்வாசியை அதிகாரி சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுவார்.

ஆனாலும் ஆலயத்தில் உட்கார இடமில்லாமல் கூட்டம் பெருகியது.

“பாத்தியா? நெருக்க நெருக்கத்தான் சபை வளரும்!” என்று மனைவியிடம் பூரித்தார் போதகர்.

திடீரென்று சட்டம் ரத்தானது.

“இனிமே என் பிரசங்கத்துல எவனும் கை வைக்க முடியாது!” என்று ஆராதனையில் முழங்கினார். ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரியின் அறையில் சபையே திரண்டு நின்றது. முன்னால் போதகரின் மனைவி.

“எங்க சபைக்கு மட்டும் அந்தச் சட்டத்தை விட்டு வைங்க சார். நீங்க வெட்ட ஆரம்பிச்ச பிறகுதான் ஜனங்க நேரத்தோட வீட்டுக்குப் போறாங்க.”

“சட்டமே போயிடுச்சும்மா. நான் என்ன பண்ண?”

“அப்போ அந்தப் பேனாவையாவது குடுங்க சார். வீட்டுலயே நான் வெட்டி அனுப்புறேன்.”